முன்னொட்டும் பெயர்வெளியும்: கொண்டச்சி முத்துக் கணக்கினூடாக ஒரு நோக்கு

மன்னார்க் கரையிலே சிலாவத்துறைக்குத் தெற்கே அமைந்த கொண்டச்சிக் குடா, முத்துக்குளிப்பு வரலாற்றிற் சிறப்பிடம் பெற்றதாகும். 1796இல் இலங்கையின் கரையோரத்தை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய ஆங்கிலேயர், அவ்வாண்டிலும் 1797, 1798 ஆகிய ஆண்டுகளிலும் இங்கு குளிப்பை நடத்தினர். குளிப்புக் காலத்தில் வெறுங்கரை பெருஞ்சந்தையாக மாறியதை றொபேட் பேர்சிவல் 1803இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்துள்ளார். அச்சந்தையின் எண்களை வாசிப்பதில் எழும் இடர்ப்பாடு, இன்றைய கணினி ஆவணங்களிலும் வேறொரு வடிவில் எழுதல் நோக்கற்பாலது.

முத்துக்களைப் பருமன்வாரியாகப் பிரிக்கப் ‘பெட்டி’ எனப்பட்ட பித்தளைச் சல்லடைகள் பத்துப் பயன்பட்டன. 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 எனத் துளைகளின் தொகையே அவற்றின் பெயராயிற்று. துளை மிகுந்தாற் கண் சிறுக்கும். ஆகவே 20ஆம் பெட்டியில் நின்றதே பெருமுத்து. ஆனால் நிறுக்குமிடத்து 20 என்பது 20 மஞ்சாடியாகும். அது ஒரு கழஞ்சு. எண்ணுமிடத்தோ 20 முத்துக்கள். முதலாவது வழக்கில் எண் உயர உயர முத்துச் சிறுக்கும். இரண்டாவதில் எண் உயர நிறை கூடும். கணக்கேட்டின் தலைப்பு இருக்கும்வரை ஐயமில்லை. தலைப்பிழந்த தனியேட்டில் ‘20’ என்பது விலையையே தலைகீழாக்கவல்லது.

இவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்கும் ஏற்பாடொன்று ‘எக்ஸ்எம்எல்’ என்னும் குறிமொழியில் உண்டு. இம்மொழி 1998 பெப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. பெயர்வெளி பற்றிய விதிகள் 1999 சனவரியில் வெளிவந்தன. அவற்றின்படி ‘பெட்டி:எண்’, ‘நிறை:எண்’ என முன்னொட்டால் ஒரே பெயரை வேறுபடுத்தலாம். எனினும் முன்னொட்டு வெறுங் கைப்பிடியே. அது எந்தப் பெயர்வெளி முகவரியைச் சுட்டுகின்றது என்பதை அவ்வுறுப்பிலோ அதனை உள்ளடக்கிய மேலுறுப்பிலோ அறிவித்தல் வேண்டும். ஓர் ஆவணத்தின் முன்னொட்டு இன்னோர் ஆவணத்தில் வேறு முகவரியைச் சுட்டவுங் கூடும்.

அறிவிக்கப்படாத முன்னொட்டுப் பெரும்பாலும் துண்டிப்பினால் விளைவது. மூல ஆவணத்தின் தலையுறுப்பில் அறிவிப்பு நின்றுவிட, இடையிலுள்ள பகுதி மாத்திரம் வெட்டியெடுக்கப்படுகின்றது. 1998ஆம் ஆண்டு விதியை மட்டும் பின்பற்றும் பகுப்பி, முக்காற்புள்ளியையும் பெயரின் ஓர் எழுத்தாகக் கொண்டு அத்துண்டை ஏற்கும். பெயர்வெளி விதியைப் பின்பற்றும் பகுப்பியோ அதனைப் பிழையெனக் கூறும். இதற்குத் தீர்வுகள் மூன்று: பெயர்வெளியைக் கருதாது வாசித்தல், பிழை பொறுக்கும் முறையில் வாசித்தல், விடுபட்ட அறிவிப்பைச் சேர்த்தபின் வாசித்தல். முதலிரண்டும் எழுத்தைக் காக்கும், பொருளைத் தெளிவிக்கமாட்டா. மூன்றாவது, மூல ஆவணம் கிடைக்குமாயிற் சாலச் சிறந்தது; கிடைக்காதவிடத்து அது ஊகமேயாகும்.

ஊகமாகச் சேர்த்த அறிவிப்பையும் பகுப்பி மறுப்பின்றி ஏற்கும் என்பதே இங்குள்ள பேரிடர். நிறையைப் பெட்டியென அறிவித்தாலும் பிழைச்செய்தி எழாது, தவறு நிலைபெற்றுவிடும். பழைய கணக்குகளை மின்வடிவாக்க முற்படுவோர் மூலத்துண்டை மாற்றமின்றிப் பேணி, தாம் சேர்த்த அறிவிப்பைத் தம்முடையதெனவே குறித்தல் கடனாகும். ஏட்டிற் காணப்படும் எண் வேறு, அதற்கு ஆய்வாளர் கொண்ட பொருள் வேறு என்பதைப் பின்வருவோர் அறிதற்கு அதுவே வழியாகும்.