வந்து சேர்ந்த ஓலை: மலையகக் காமன் கூத்தில் ஒரு காதல் துயரத்தின் வரலாறு

வெரோனா நகரத்துக் காதலரைக் கொன்றது போய்ச் சேராத ஒரு கடிதம். ஜூலியட் குடித்தது உறக்க மருந்துதான், அவள் சாகவில்லை என்று பாதிரியார் எழுதி அனுப்பிய மடலை எடுத்துச் சென்ற துறவி, கொள்ளைநோய் அச்சத்தால் வழியில் ஒரு வீட்டுக்குள் அடைக்கப்படுகிறார். சேதி தெரியாத ரோமியோ நஞ்சு வாங்குகிறான். 1597இல் முதன்முதலாக அச்சேறிய ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்தில் இரண்டு குடும்பத்துப் பகையும் கடைசியில் ஒரு தபால் தவறுவதில் போய் முடிகிறது.

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் மாசி மாதம் ஆடப்படும் காமன் கூத்திலும் ஓர் ஓலை வருகிறது. அது தவறாமல் உரியவன் கைக்கு வந்து சேர்கிறது. வந்து சேர்ந்ததனால்தான் மதன் என்னும் காமன் எரிகிறான். தமிழகத்திலிருந்து வந்த ஒரு சடங்கு நாடகம் மலையகத்தில் எப்படி வேறொரு துயரத்தைச் சுமக்கத் தொடங்கியது என்று தேடும்போது, என் கண் இந்த ஓலையில்தான் நிலைக்கிறது.

காமனை வழிபடுவது தமிழருக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் தேவந்தி, கணவனைப் பிரிந்த கண்ணகியைக் காமவேள் கோட்டத்துக்குப் போய்த் தொழச் சொல்கிறாள், கண்ணகி மறுத்துவிடுகிறாள். கலித்தொகையிலும் காமனுக்கு எடுக்கும் வேனில் விழா பேசப்படுகிறது. சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரியும் கதையைக் கந்தபுராணத்தின் காமதகனப் படலம் விரித்துச் சொல்கிறது. காளிதாசனோ குமாரசம்பவத்தில் ஒரு முழுச் சருக்கத்தையே காமனின் மனைவி ரதியின் புலம்பலுக்கு ஒதுக்கினான். நாட்டுப்புறத்தில் இந்தக் கதை லாவணியாகவும் கூத்தாகவும் வளர்ந்தது. மராட்டியர் ஆண்ட தஞ்சை மண்ணில் லாவணி வேரூன்றி, காமன் எரிந்தானா என்பதில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடிய விடிய வாதிடும் கலையாயிற்று.

பகைக் குடும்பம் இந்தக் கதையில் எங்கே என்று கேட்கலாம். மதன் திருமாலின் மகன். கூத்துப் பாட்டு மரபில் ரதி ஈசனைத் தன் தகப்பனாகக் கொண்டு பேசும் வழக்கம் உண்டு. ஆகவே ரதி மதன் தர்க்கம் வெறும் கணவன் மனைவி சண்டையாக நிற்பதில்லை. சைவத்துக்கும் வைணவத்துக்கும் இடையிலான பழைய வழக்கு ஒரு வீட்டு வாசலுக்குள் வந்துவிடுகிறது. உன் அப்பன் பெரியவனா, என் அப்பன் பெரியவனா என்று இருவரும் மாறி மாறிப் பாடுவார்கள். கூட்டம் சிரிக்கும். ஆனால் அந்தச் சிரிப்பின் அடியில், மாமனே மருமகனை எரிக்கப் போகிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இந்தக் கூத்தைக் கொண்டுவந்த மக்கள் மலையகத்தின் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820களில். திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் அதிகம் வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டில் கோப்பியில் இலைநோய் விழுந்தது. தேயிலை ஆண்டு முழுதும் கொழுந்து விடும், ஆண்டு முழுதும் கை வேண்டும், பெண்களின் கை வேண்டும். குடும்பங்கள் லயம் என்னும் வரிசை வீடுகளில் நிலைத்தது அதற்குப் பிறகுதான். இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் விழாவுக்கு நிலைத்த ஓர் ஊர் வேண்டும் என்பதால், காமன் கூத்து இங்கே வேர்விட்டது தேயிலைக் காலத்தில்தான் என்று கருதுகிறேன். காலமும் கூடிவந்தது. மாசியில் மலையில் மழை குறைவு, கொழுந்தும் குறையும். திறந்த வெளியில் இரவு முழுதும் ஆட அதைவிட ஏற்ற பருவம் கிடையாது.

அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுவார்கள். காமன் பொட்டல் என்று ஓரிடம் இதற்கென்றே உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் மற்ற நாளில் அங்கே பந்து விளையாடுவார்கள். கரும்பும் ஆமணக்கும் சேர்த்து வைக்கோல் பிரி சுற்றிய அந்தக் கம்பம்தான் மதன். வேடம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். ரதியும் ஆண்தான். கூத்து மாஸ்டர் பாட, தப்புப் பறை முழங்க, ரதியும் மதனும் லய வாசல்களுக்கு வந்து ஆடுவார்கள். முழுநிலாவை ஒட்டிய இரவில் திருமணம், தூதன் வரவு, தர்க்கம், தகனம் என்று எல்லாம் நடக்கும்.

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்படியோர் இரவில் உட்கார்ந்திருந்தேன். தூதன் கையில் ஓலையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். சிவனின் தவத்தைக் கலைக்க உடனே புறப்படு என்பது தேவர்களின் கட்டளை. ரதி கெட்ட கனவு கண்டதாகச் சொல்லித் தடுக்கிறாள். மதனின் மேல்துண்டைப் பிடித்து இழுக்கிறாள். என் பக்கத்தில் இருந்த பாட்டி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, “போகாதடா தம்பி” என்றாள். பகலில் அதே மதனுக்கு அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததை நான் பார்த்திருந்தேன்.

தோட்டத்து மக்களுக்கு மேலிருந்து வரும் தாள் என்றால் என்ன என்பது நன்றாகத் தெரியும். துண்டு முறை என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் தொகை எழுதிய சீட்டு அது. அந்தக் கடனை யார் கட்டுகிறாரோ அந்தத் தோட்டத்துக்கு அவன் போயாக வேண்டும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். 1948இல் அவர்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றவர்களாக நின்ற 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்று இரண்டு அரசுகளும் பங்கு பிரித்தன. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் சரிபாதியாக்கிக்கொண்டன. அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு என்று குடும்பங்கள் பிரிந்தன. அந்தக் கடிதங்களும் தவறாமல் வந்து சேர்ந்தன. பாடல் அப்படியே இருக்க, கேட்கிறவர்களின் காதில் பொருள் மாறியது இப்படித்தான் என்பது என் வாசிப்பு. ஓலையைப் படித்த மதன் தன் விருப்பத்தால் போகவில்லை. போகச் சொன்னதால் போனான்.

இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்களோடு கூத்து மாஸ்டர்களும் போனார்கள். வாய்ப்பாடமாக மட்டும் இருந்த பாட்டு ஆள் போனால் போனதுதான். ஏட்டில் எழுதி வைத்திருந்த தோட்டங்களில் ஓரளவு தப்பியது.

ஆய்வுலகத்தின் மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன் என்று கூத்துக்குப் புத்துயிர் கொடுத்தார். ஈழத்துத் தமிழ் அரங்கு அவருக்குப் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது. அந்த மேடைக்கு வந்தது மட்டக்களப்புக் கூத்து மரபு. பேராதனையிலிருந்து ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் எட்டிவிடும் லயங்களின் காமன் பொட்டல் அப்போது கவனம் பெறவில்லை. அந்த வேலையை மலையகத்தார் தாங்களே செய்துகொண்டார்கள். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டினார். சாரல்நாடனும் மாத்தளை வடிவேலனும் வாய்மொழி மரபையும் வழிபாட்டையும் எழுதினார்கள்.

இன்று கூத்தில் சேர இளைஞர்கள் தயங்குவதற்குத் தப்புப் பறையும் ஒரு காரணம். சாதியோடு பிணைக்கப்பட்ட கருவி என்பதால் அதைத் தொட மறுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள், அவர்களின் மறுப்பில் நியாயம் இருக்கிறது. தப்பு இல்லாமல் காமன் எரிய முடியாது என்பதும் உண்மை. சாதி கடந்து யாரும் அடிக்கலாம் என்றாகும் தோட்டத்தில்தான் இந்த முடிச்சு அவிழும்.

வெரோனாவில் பிள்ளைகள் செத்த பிறகு தகப்பன்மார் பொற்சிலை வைப்பதாகச் சொல்லிக் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். இங்கே ரதி ஈசனை விடுவதில்லை. தாலி அறுத்த கையோடு அவள் பாடும் ஒப்பாரி, வழிபாட்டுக் குரலில் தொடங்கி வழக்காடும் குரலுக்கு மாறுகிறது. பெண்கள் அவளோடு சேர்ந்து அழுவார்கள். மூன்றாம் நாள் மதன் எழுகிறான், ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும் உருவில். அதற்கு முன், விடிந்ததும் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போக வேண்டும். சாம்பல் இன்னும் சூடாக இருக்கும்போதே பாட்டி கூடையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். மதன் வேடம் கட்டியவர் முகத்துச் சாயத்தைப் பீலித் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கும் அன்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை.