கரும்புத் தீவின் நோய்களும் காப்பும்: மொரீஷியஸின் பொதுச் சுகாதாரம் குறித்து ஓர் ஆராய்ச்சி

மொரீஷியஸ் நாடு ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்டது. அதில் வாழ்வோர் சுமார் 12.5 லட்சம் பேர். நம் நாட்டின் நடுத்தர மாவட்டம் ஒன்றைக் காட்டிலும் சிறியதாகிய இந்நிலம், சென்ற இருநூறு ஆண்டுகளில் காலரா, மலேரியா, சிக்குன்குனியா, நீரிழிவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த நோய்களை எதிர்கொண்டு, சிலவற்றை வென்று, வென்றவற்றுள் ஒன்றை மறுபடியும் வரவிட்டு மறுபடியும் வென்று, இன்று மற்றொன்றின் முன் திகைத்து நிற்கின்றது. இத்துணைச் சிறிய இடத்தில் இத்துணை அனுபவம் திரண்டிருப்பதால், ஒரு சிறு தீவு நாட்டின் ஆரோக்கியம் எதனைப் பொறுத்து அமைகின்றது என்னும் கேள்வியை ஆராய இதனினும் தக்க களம் அரிது.

இக்கேள்விக்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. மருத்துவமனைகளும் மருந்துகளும் பெருகினால் நோய் குறையும் என்பது ஒன்று. மக்கள் அறிவு பெற்றுத் தம் பழக்கங்களைத் திருத்திக்கொண்டால் நோய் அணுகாது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் மொரீஷியஸின் சரித்திரம் இவ்விரண்டினும் ஆழமான ஒரு விடையைத் தருகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அத்தீவுக்குள் நோய் புகுந்த வாயில்கள் துறைமுகமும், கரும்பு நிலமும், உணவுச் சந்தையுமே. அரசு அவ்வாயில்களிலேயே கைவைத்த காலங்களில் நோய் பின்வாங்கிற்று. தனிமனிதரை நோக்கி உபதேசம் செய்வதோடு அமைந்த காலங்களில் அது நின்ற இடத்திலேயே நின்றது.

1. கப்பலும் கரும்பும்

1638இல் டச்சுக்காரர் குடியேறும் வரையில் மொரீஷியஸில் மனிதர் நிலையாக வாழ்ந்ததில்லை. ஆகவே மனிதரைப் பற்றும் கொள்ளைநோய் எதுவும் அம்மண்ணுக்கு உரியதன்று. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாள் ஒரு கப்பலிலிருந்து இறங்கியதே. டச்சுக்காரருக்குப் பின் பிரெஞ்சுக்காரரும், 1810 முதல் ஆங்கிலேயரும் ஆண்ட அத்தீவில், 1835இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதை ஒட்டி, கரும்புத் தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து திரட்டப்பட்டனர். கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களில் கப்பலேறி வந்தோர், ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில், நாலரை லட்சம் பேருக்குக் குறையார். அவர்களுள் தமிழரும் கணிசமானோர். போர்ட் லூயி நகரின் கரையில் அவர்கள் ஏறிய கற்படிகள் ஆப்ரவாசி காட் என்னும் பெயரோடு 2006இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டன.

அப்படிகளை எட்டாமலே மடிந்தவர்களும் உண்டு. 1854இல் காலராவால் பெருஞ்சேதம் கண்டு அஞ்சியிருந்த தீவு, 1856இல் கல்கத்தாவிலிருந்து அந்நோயோடு வந்த இரண்டு கப்பல்களின் ஆட்களைக் கரையேற்ற மறுத்து, வடக்கேயுள்ள காப்ரியேல் என்னும் வெற்றுத் தீவில் இறக்கிவிட்டது. தக்க கூரையும் போதிய மருத்துவமும் இன்றி அங்கே நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். செய்தி அறிந்த இந்திய அரசு சிறிது காலம் ஆள் அனுப்புவதையே நிறுத்திற்று. வாயிலைக் காப்பது வேறு, வாயிலில் நிற்பவனைக் கைவிடுவது வேறு என்னும் பாகுபாட்டை அன்றைய நிர்வாகம் அறிந்திருக்கவில்லை.

மனிதரை இவ்வளவு கடுமையாகத் தடுத்த அவ்வாயில், கொசுவை அறியவே இல்லை. 1866இல் தொடங்கிய குளிர்காய்ச்சல், 1867ஆம் ஆண்டில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை, அதாவது ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய தொகையினரைக் கொண்டுபோயிற்று. மலேரியாக் கிருமி 1880இலும், அதைக் கொசு பரப்புகின்றது என்னும் உண்மை அதற்கும் பின்னரும் கண்டறியப்பட்டனவாதலின், காரணம் எவருக்கும் விளங்கவில்லை. கொயினா மருந்தோ கிடைத்தற்கரியதாயிற்று. வசதி படைத்தோர், அப்போது புதிதாக ஓடத் தொடங்கியிருந்த இரயிலில் ஏறி, கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உயர்ந்த கியூர்பிப் மேட்டுநிலத்துக்குக் குடிபெயர்ந்தனர்; தோட்டங்களில் கட்டுண்ட கூலிகளுக்குப் பெயர்வதற்கு இடமில்லை.

பழியை இந்தியக் கூலிகள்மீது ஏற்றியோர் பலர். அவர்களுள் சிலர் காய்ச்சற் கிருமியை உடலில் சுமந்து வந்திருக்கலாம் என்பது மறுக்கத்தக்கதன்று. ஆனால், அவர்கள் 1834 முதலே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருக்க, முப்பது ஆண்டுகள் வரையில் கொள்ளைநோய் ஏன் எழவில்லை? அதுகாறும் அத்தீவில் இல்லாதிருந்தது கொசுவே. பின்னர் ஆராய்ந்தோர் அங்கே கண்ட மலேரியாக் கொசுக்கள் இரண்டும் ஆப்பிரிக்க இனங்கள். இந்தியாவினின்று வந்தவை அல்ல. அயல்கரையொன்றிலிருந்து கப்பல் வழியே வந்த அக்கொசுக்களை வளர்த்துவிட்டது தீவின் நிலமே. கரும்புக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. ஓடைகள் தூர்ந்து குட்டைகளாயின. வெயில் படும் ஆழமற்ற தேக்கங்கள் எங்கும் பெருகின. ஆகவே 1867இன் பேரழிவைக் கூலியின் உடல் கொணர்ந்த கேடு என்பதைவிட, வாணிகமும் ஒற்றைப் பயிரும் சேர்ந்து விளைத்த கேடு என்பதே பொருந்தும்.

2. ஒரு முறை வென்று, மறு முறையும் வென்றது

இவ்வுண்மையை முதன்முதல் முறையாக அளந்தவர் ரொனால்டு ராஸ். இந்திய மருத்துவப் பணியில் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்து, 1897இல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டு, 1902இல் நோபெல் பரிசும் பெற்ற அவர், 1907 நவம்பரில் மொரீஷியஸுக்கு வந்து மூன்று மாதங்கள் ஆராய்ந்தார். அவர் கையாண்ட முறை எளியது. பள்ளிகளிலும் தோட்டங்களிலும் சிறுவர்களை வரிசையாக நிறுத்தி, இடப்பக்க விலா எலும்பின் கீழ் விரல்களை அழுத்தி, மண்ணீரல் தட்டுப்படுகின்றதா என்று பார்ப்பது. நம் நாட்டார் காய்ச்சற்கட்டி என்று சொல்லும் அவ்வீக்கம் நூற்றுக்கு எத்தனை சிறுவரிடம் உண்டோ, அதுவே அவ்வூரின் மலேரியா அளவாகும். இரத்தப் பரிசோதனைக்கு வசதியற்ற ஓர் ஊரையும் இவ்விதம் விரல்நுனியால் அளந்துவிடலாம்.

1908இல் வெளியான அவருடைய அறிக்கை, பொதுச் சுகாதாரச் சிந்தனையில் ஒரு திருப்பமாகும். கொசுக்கள் அனைத்தையும் அழித்தாலன்றி நோய் அழியாது என்னும் எண்ணத்தைக் கணக்கின் வாயிலாக அவர் மறுத்தார். மக்கள்தொகையை நோக்கக் கொசுவின் தொகை ஓர் எல்லைக்குக் கீழே குறையுமாயின், ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்குப் பரவும் சங்கிலி அறுந்து, நோய் தானே தேய்ந்து மறையும் என்று அவர் காட்டினார். வாய்க்கால் திருத்துவதும் குட்டை தூர்ப்பதும் ஓயாது நடைபெற வேண்டும் என்பது அவர் பரிந்துரையின் சாரம். நிலத்தைத் திருத்துதலே முதல் மருந்து என்னும் இக்கொள்கைக்கு ஏற்பப் பணிகள் தொடங்கினவெனினும், பணம் குறைந்தபோதெல்லாம் அவை தளர்ந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. மருந்து வீடுதோறும் தெளிக்கப்பட்டபோது, வீட்டுக்குள்ளேயே தங்கிக் கடிக்கும் ஒரு கொசு இனம் தீவினின்று முற்றும் மறைந்தது. இறப்பு வீதம் சரிந்தது. 1952இல் சுமார் 5 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1962இல் 6.8 லட்சமாயிற்று. நோயை வென்றதால் மக்கள் பெருகி, பெருக்கமே புதிய கவலையாக, ரிச்சர்டு டிட்மஸ் முதலிய அறிஞர்கள் 1961இல் குடும்பக் கட்டுப்பாட்டை வற்புறுத்தினர். அத்துறையிலும் மொரீஷியஸ் விரைந்து வெற்றி கண்டது. 1973இல் உலகச் சுகாதார நிறுவனம் அதனை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

இரண்டே ஆண்டுகளில், 1975 பிப்ரவரியில், ஜெர்வெஸ் என்னும் சூறாவளி தீவைத் தாக்கிற்று. மலேரியா திரும்பி வந்து, 1982இல் அறுநூறு நோயாளிகளைக் கடந்தது. இங்கே நாம் அருகிற் சென்று நோக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு: தட்டையான காங்கிரீட் கூரை. புயலுக்கு ஈடுகொடுக்க வேண்டி ஓலையும் தகரமும் நீக்கிக் கட்டப்பட்ட அவ்வீடுகளின் மொட்டைமாடிகளில் மழைநீர் விரற்கடை ஆழத்துக்குத் தேங்கி, வெயிலில் வெதுவெதுப்பாகி, எஞ்சியிருந்த கொசு இனத்துக்கு நல்ல நாற்றங்காலாயிற்று. ஒரு துன்பத்தினின்று காக்க எழுப்பிய கூரையே மற்றொரு துன்பத்துக்கு இடங்கொடுத்தது. சூழலை ஒரு முறை திருத்திவிட்டு ஓய்ந்திருத்தல் இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிந்த உதாரணம் வேண்டுவதில்லை.

1990களின் இறுதியில் உள்நாட்டுப் பரவல் மீண்டும் நின்றது. அந்நிலை இன்றளவும் காக்கப்பட்டு வருகின்றது. காக்கும் விதம் கவனத்துக்குரியது. மலேரியா உள்ள நாடுகளிலிருந்து விமானத்தில் வந்து இறங்குவோரின் முகவரி குறித்துக்கொள்ளப்படுகின்றது. பின்னர்ச் சுகாதார ஊழியர் அவர்கள் தங்கியுள்ள வீட்டுக்கே சென்று, காய்ச்சல் உண்டா என்று வினவி, விரலிற் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துச் செல்கின்றார். வந்தவர் தடுக்கப்படுவதுமில்லை, கைவிடப்படுவதுமில்லை, பின்தொடர்ந்து பேணப்படுகின்றார். 1856இல் காப்ரியேல் தீவில் இறக்கிவிடப்பட்டவர்களை நினைப்போர்க்கு, அந்தத் துளி இரத்தத்தை நாடி வாசலுக்கு வரும் ஊழியரின் செயல் எத்துணைப் பெரிய தார்மிக முன்னேற்றம் என்பது விளங்கும். ஆயினும் காவல் நெகிழ இடமில்லை. 2005-06இல் அண்டைத் தீவாகிய ரெயூனியனில் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரைப் பற்றிய சிக்குன்குனியா, பகலில் கடிக்கும் வேறொரு கொசுவின் துணையால், மொரீஷியஸிலும் ஆயிரக்கணக்கானோரை மூட்டுவலியில் முடக்கிற்று.

3. எண்ணெய் கற்பித்த பாடம்

தொற்றுநோய்கள் தணிந்த காலத்தில் நீரிழிவும் இருதய நோயும் தலையெடுத்தன. 1987இல் நடந்த கணக்கெடுப்பு, வயது வந்தோரில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு என்று காட்டியது. இந்தியரின் உடலமைப்பே இதற்குக் காரணம் என்று வாதிப்போர் உண்டு. அவ்வாதத்தில் ஓரளவு உண்மை இருப்பினும், அதே கணக்கெடுப்பு ஆப்பிரிக்க வழித்தோன்றலாகிய கிரியோல் மக்களிடத்தும் சீனரிடத்தும் நோய் ஏறக்குறைய அதே அளவில் மிகுந்திருக்கக் கண்டது. மூதாதையர் மூவேறு நிலத்தவர்; நோயோ ஒன்று. அப்படியாயின், அவர்களுக்குப் பொதுவாக அமைந்த தீவு வாழ்க்கையிலேயே காரணத்தைத் தேட வேண்டும்.

அவ்வாண்டிலேயே அரசு ஒரு காரியம் செய்தது. மக்கள் பெரும்பாலோர் வாங்கிய, விலை கட்டுப்படுத்தப்பட்ட ரேஷன் எண்ணெய் அதுகாறும் பெரும்பாலும் பாமாயிலாக இருந்தது. அதனைச் சோயா எண்ணெயாக மாற்றும்படி ஆணை பிறந்தது. எந்தக் குடும்பமும் தன் சமையலை மாற்றிக்கொள்ளவில்லை. தெருவோரத்துத் தால் பூரிக் கடையில், வேகவைத்த கடலைப் பருப்பைப் பொடித்து உள்ளடக்கிய மெல்லிய பூரி, முன்போலவே எண்ணெய் தடவிய தட்டைக் கல்லில் வெந்து, முன்போலவே அவரைக் கறியும் தக்காளிச் சாறும் ஊற்றிச் சுருட்டிக் காகிதத்தில் வைத்துத் தரப்பட்டது. மாறியது கல்லில் தடவிய எண்ணெய் மட்டுமே. 1992இல் மறுபடியும் அளந்தபோது, மக்களின் சராசரி இரத்தக் கொலஸ்டிரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7ஆகக் குறைந்திருந்தது. புகைபிடித்தலும் குடியும் அதே காலத்தில் குறைந்தனவாதலின் பெருமை முழுவதையும் எண்ணெய்க்கே அளித்தல் முறையன்று. ஆயினும் கணிசமான பங்கு அதனுடையது என்பதில் ஐயமில்லை.

எனினும் அதே ஐந்தாண்டுகளில் உடற்பருமன் ஏறிற்று, நீரிழிவு குறையவில்லை. 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது ஐந்தில் ஒருவரைப் பற்றியிருந்தது. கொலஸ்டிரால் பணிந்த நாட்டில் நீரிழிவு பணியாதது ஏன்? முன்னதில் அரசு பொருளையே மாற்றியது. பின்னதில் பெரும்பாலும் அறிவுரையே கூறியது. பள்ளிச் சிற்றுண்டிச் சாலைகளில் குளிர்பானங்கள் 2009இல் தடுக்கப்பட்டதும், 2013 முதல் அப்பானங்களின் சர்க்கரைக்குக் கிராம் கணக்கில் வரி விதிக்கப்பட்டதும் பாராட்டத்தக்க விதிவிலக்குகளே. ஆனால் நாட்டின் அன்றாட அன்னமாகிய வெள்ளை அரிசியும் வெள்ளை மாவும் அரசின் மானியத்தால் மலிவாக விற்கப்படுகின்றன. உணவில் முக்கால் பங்கு கடல் கடந்து வருகின்றது. விளைநிலமோ தலைமுறை தலைமுறையாகக் கரும்புக்கே ஒப்படைக்கப்பட்டது. 1968இல் நாடு விடுதலை பெற்றபோது ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரையினுடையதே. காயும் பருப்பும் விளைய வேண்டிய நிலத்தில் அவை விளையாத நாட்டில், காய் மிகுதியாகவும் மாவு குறைவாகவும் உண்ணுக என்று ஏழைக்கு உபதேசிப்பது பயன் தருமோ?

4. இரண்டு ஆட்சேபங்கள்

மக்கள் எதனை உண்ண வேண்டும் என்று அரசு தீர்மானிப்பது தனிமனித சுதந்திரத்தில் தலையிடுவதாகாதா என்று கேட்கப்படலாம். அரிசிக்கும் மாவுக்கும் மானியம் அளிக்கும் அரசு ஏற்கெனவே தீர்மானித்துக்கொண்டுதான் இருக்கின்றது. அத்தீர்மானம் உடலுக்கு நலந்தருவதாக இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. சோயா எண்ணெய் வந்தபோது எவருடைய சுதந்திரமும் குறையவில்லை. அகால மரணத்தின் அச்சமே குறைந்தது.

சிறு நாட்டுக்கு இத்தகைய வலிமை ஏது என்பது மற்றோர் ஆட்சேபம். புயலும், அயல்நாட்டு விலையும், தொலைதூரக் கொசுவும் அத்தீவை எளிதில் தாக்குகின்றன என்பது மெய்யே. ஆனால் ஒரே ஆணை எல்லாச் சமையலறைகளையும் எட்டியதும், ஒரே விமான நிலையத்திலிருந்து ஒவ்வொரு பயணியையும் பின்தொடர முடிவதும் அச்சிறுமையாலேயே. புகையிலைக் கட்டுப்பாட்டில் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த நடவடிக்கைகள் அனைத்தையும் நிறைவேற்றிய மிகச் சில நாடுகளுள் ஒன்றாக 2023இல் மொரீஷியஸ் எண்ணப்பட்டது. ஆப்பிரிக்க நாடுகளுள் அதுவே முதலாவது.

5. முடிவு

ராஸ் குட்டைகளைத் தூர்க்கச் சொன்னதும், 1987இல் எண்ணெய் மாற்றப்பட்டதும் ஒரே கொள்கையின் இரண்டு செயல்களாகும். அக்கொள்கையை நீரிழிவின்பால் முழுமையாகச் செலுத்துவதே இனி எஞ்சியுள்ள பணி. அதற்கான வாய்ப்பும் நெருங்கி வந்திருக்கின்றது. ஐரோப்பிய நாடுகள் அளித்துவந்த சர்க்கரைச் சலுகை 2009இல் முடிவுற்றபின், கரும்பு கைவிடப்பட்ட நிலங்கள் பல தரிசாகக் கிடக்கின்றன. அவற்றைக் காய்கறிக்கும் பருப்புக்கும் திருப்புவதும், வெள்ளை மாவுக்கு அளிக்கும் மானியத்தில் ஒரு பங்கையேனும் முழுத்தானிய மாவுக்கும் பருப்புக்கும் மாற்றுவதும் அரசின் கைக்கு எட்டிய செயல்களே. தால் பூரிக்குப் பிசையும் மாவு மாறட்டும். உண்பவர் அதே கடையில், அதே காகிதத்தில், அதே சுவையோடு உண்ணட்டும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் எவரும் குறை கூறாத எண்ணெய் மாற்றம், இது நடக்கக்கூடிய காரியமே என்பதற்குச் சான்றாக அந்நாட்டு அடுப்புகளிலேயே இருக்கின்றது.