வெயிலில் பிறந்த தட்டும் குளிர்காலக் கோணலும்
தட்டை எறிந்து ஆடும் டிஸ்க் கோல்ஃபில், கடுங்குளிரில் தட்டு கோணிக்கொண்டால் பழி முழுவதும் குளிரின்மேல் விழுகிறது. அதில் பாதிதான் நியாயம். இந்த ஆட்டம் கலிபோர்னியா வெயிலில் வளர்ந்தது. ஃபிரெட் மாரிசனின் பறக்கும் தட்டை வாம்-ஓ நிறுவனம் 1957-இல் விற்கத் தொடங்கியது. அங்கே பணியாற்றிய எட் ஹெட்ரிக் 1975-இல் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தார். அன்றைய தட்டுக்கு உருண்ட விளிம்பு. சற்று நெளிந்திருந்தாலும் மிதந்து போய்ச் சேரும். 1983-இல் வந்த, இன்னோவா நிறுவனத்தின் ஈகிள் தட்டு அதை மாற்றியது. அதை வடிவமைத்த டேவ் டூனிபேஸ் விளிம்பைச் சரிவாக்கிக் கூர்மைப்படுத்தினார். வேகம் கூடியது, கூடவே சிறு வளைவும் பாதையைத் திருப்பிவிடும் நிலை வந்தது. பின்லாந்து போன்ற குளிர்நாட்டுப் பனியில் ஆடுபவரின் தொல்லைக்கு வேர் இந்த விளிம்பில்தான் இருக்கிறது.

வெயிலில் நிறுத்திய கார் டிக்கியிலும் தட்டு கோணுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான்; வளைப்பதில் சூடுதான் பெரிய குற்றவாளி. ஆனால் சூட்டில் இளகிய பிளாஸ்டிக்கைக் கையாலேயே ஓரளவு நிமிர்த்திவிடலாம். குளிரிலோ அது விறைத்துப்போவதால், பையில் நெருக்கி அடுக்கியபோது விழுந்த வளைவு அப்படியே தங்கிவிடுகிறது. அந்த விறைப்போடு மல்லுக்கட்டினால் மலிவு ரகம் விரிசல் விடும். அதனால் தட்டைக் கை பொறுக்கும் வெந்நீரில் சில நிமிடம் ஊறவிட்டு, விளிம்பு மேசையில் படியும்படி வைத்து, மேலே கனமான பலகை ஏற்றுகிறார்கள். முழுக்க ஆறும்வரை எடுக்கக் கூடாது. அவசரப்பட்டால் கோணல் திரும்பிவிடும்.