சண்டை துரத்தி வந்த வீடு

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜெனரல் லீ எங்கே சரணடைந்தார் என்று கேட்டால், வர்ஜீனியாவில் உள்ள அப்பொமாட்டக்ஸ் கோர்ட் ஹவுஸ் என்பார்கள். உடனே ஏதோ கோர்ட்டில் கையெழுத்து போட்டார்கள் என்று தோன்றும். அப்படி இல்லைங்க. ஊரின் பெயரே அதுதான். கையெழுத்தானது வில்மர் மெக்லீன் என்ற வியாபாரியின் வீட்டு முன்னறையில்.

இந்த மெக்லீன் கதை சுவாரசியமானது. 1861 ஜூலையில் மனாசஸில் முதல் பெரிய சண்டை நடந்தபோது, தென்னகப் படையின் தளபதி தங்கியது இவருடைய பண்ணையில்தான். சமையலறைக்குள் பீரங்கிக் குண்டே வந்து விழுந்தது. 1863-ல் குடும்பத்தோடு தெற்கே இந்தச் சின்ன ஊருக்குக் குடிபெயர்ந்தார். ஆனால் 1865 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை, சண்டை தேடிக்கொண்டு வந்து அவர் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டது!

சுமார் ஒன்றரை மணி நேரம்தான் பேச்சு. கிராண்ட் வைத்த நிபந்தனைகளைப் பாருங்கள். யாரையும் சிறைப்பிடிக்கவில்லை. ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சொந்தக் குதிரை, கோவேறு கழுதை வைத்திருப்பவர்கள் கூட்டிப் போகலாம், உழவுக்கு வேண்டுமே! பசியோடு இருந்த எதிரிப் படைக்கு 25,000 பேர் சாப்பாடும் கொடுத்தார். ஊர் சத்திரத்தில் அச்சு இயந்திரம் வைத்து, சுமார் 28,000 பேருக்கு பரோல் சீட்டு அடித்தார்கள்.

வீட்டுக்காரருக்கு என்ன கிடைத்தது? அதிகாரிகள் மேஜை நாற்காலிகளை ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மேஜைக்கு ஷெரிடன் 20 டாலர் தங்கமாகக் கொடுத்தார். தோற்ற அரசின் நோட்டுகள் வெறும் காகிதமாகிவிட, மெக்லீனால் கடனைக் கட்ட முடியவில்லை. 1869-ல் வீடு ஏலத்துக்குப் போனது. வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இந்த வரி கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

1892-ல் கோர்ட் கட்டிடம் தீயில் எரிந்தது. தலைமையிடம் ரயில் நிலையம் பக்கம் மாறியது, ஊர் காலியானது. 1893-ல் மெக்லீன் வீட்டை வாஷிங்டனுக்குக் கொண்டுபோய் மியூசியமாக வைக்கலாம் என்று பிரித்தார்கள். பணம் தீர்ந்தது. செங்கலும் மரமும் ஐம்பது வருடம் குவியலாகக் கிடந்து, பாதி மக்கி, பாதி களவு போனது. ஆனால் பிரிப்பதற்கு முன் எடுத்த அளவுகளும் வரைபடங்களும் தப்பின. அந்தக் காகிதங்களை வைத்துத்தான் 1940-களில் அதே இடத்தில் மறுபடி கட்டினார்கள். 1950-ல் நடந்த விழாவுக்கு கிராண்டின் பேரனும் லீயின் கொள்ளுப்பேரனும் சேர்ந்து வந்தார்கள்.

இரண்டு ஜெனரல்களின் பெருந்தன்மையோடு கதையை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அந்த மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களில் ஹன்னா ரெனால்ட்ஸ் என்ற பெண், அன்று காலைச் சண்டையில் வீட்டைத் துளைத்து வந்த பீரங்கிக் குண்டு பட்டு விழுந்தார். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 12 அன்று இறந்தார். அதற்குள் லீ சரணடைந்துவிட்டார், அதனால் அவர் சாகும்போது அடிமை இல்லை. இறப்புப் பதிவேட்டில் இருந்த அந்தக் குறிப்பு கண்டெடுக்கப்பட்டதால், 150-ஆம் ஆண்டான 2015-ல் அவருக்கும் அந்த ஊரில் அஞ்சலி செலுத்தினார்கள்.

வரைபடம் இருந்ததால் வீடு திரும்பி வந்தது. பதிவேட்டில் ஒரு வரி இருந்ததால் ஹன்னா திரும்பி வந்தார். அந்த ஒரு வரியும் இல்லாமல் போனவர்கள் எத்தனை பேரோ!