டொராண்டோ: மக்களும் பண்பாடும்

ஒன்ராறியோ மாகாணத் தலைநகரான டொராண்டோ, மக்கள்தொகையில் கனடாவின் மிகப்பெரிய நகரம். 2021 கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் 27,94,356 பேரும், பெருநகரப் பகுதியில் சுமார் 62 லட்சம் பேரும் வாழ்கின்றனர். ஸ்கார்பரோ, நார்த் யார்க், எட்டோபிகோ உள்ளிட்ட ஆறு நகராட்சிகள் 1998இல் இணைக்கப்பட்டதால் அமைந்ததே இன்றைய எல்லை.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது பிரிட்டிஷ் வம்சாவளிப் புராட்டஸ்டண்டுகளின் கோட்டை. புராட்டஸ்டண்ட் அமைப்பான ஆரஞ்சு சங்கத்தின் தயவின்றி அப்போது மேயராவதே அரிது. முதல் யூத மேயர் நேதன் பிலிப்ஸ் பதவியேற்றது 1955இல்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியரும் போர்த்துக்கீசியரும் பெருமளவில் குடியேறினர். குடியேற விரும்புவோரின் தகுதிகளுக்குப் புள்ளி வழங்கித் தேர்ந்தெடுக்கும் புள்ளிமுறை 1967இல் வந்ததும் ஆசியா, கரீபியன் பகுதிகளிலிருந்து வரவு பெருகியது. கரீபியர்களின் கோடைத் திருவிழாவான கரிபானா தொடங்கியதும் அதே ஆண்டில்.

இன்று நகரவாசிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். தெற்காசியர், சீனர், கறுப்பினத்தவர், பிலிப்பினோக்கள் பெரிய பிரிவினர். பன்மைக்குப் பெயர் பெற்ற நகரம்தான். ஆனால் வருமான இடைவெளியும் வட்டாரத்துக்கு வட்டாரம் கண்கூடு.

இலங்கையில் நடந்த 1983 இனக்கலவரத்துக்குப் பின் வந்த ஈழத்தமிழர் பலர் ஸ்கார்பரோவில் குடியேறினர். அங்கே கடைப் பலகைகளிலும் கோயில்களிலும் தமிழ் அன்றாட மொழி. ஒன்ராறியோ 2014இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவித்தது.