சிவனொளிபாதமலைக்கு வழி போட்டது ஆர்?

டிசம்பர் போயா வந்தா வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் பாதி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுத்தான். "மச்சான், இந்த முறை மலை ஏறுவமா?" திட்டமும் அநேகமா ஒண்டுதான். கோட்டையில இரவு ரயில், ஹட்டனில இறக்கம், அங்கயிருந்து மஸ்கெலியா ஊடாக நல்லதண்ணிக்கு பஸ். விடிய முதல் உச்சி, சூரிய உதயம், படம், மத்தியானத்துக்குள்ள அடிவாரம். 2,243 மீற்றர் உயரமான, காடு மூடிய ஒரு மலையை ஒரே நாளில் ஏறி இறங்கலாம் எண்டு நாங்கள் சாதாரணமாகச் சொல்லுகிறோம்.

இந்தச் "சாதாரணம்" எப்ப வந்தது?

இந்த மலையைப் பற்றிய வரலாறு பெரும்பாலும் ஒரு கேள்வியிலேயே நிண்டுவிடும்: உச்சியில் இருக்கிற பாதம் ஆருடையது? சைவர்களுக்குச் சிவன், பௌத்தர்களுக்குப் புத்தர், முஸ்லிம்களுக்கு பாவா ஆதம். சிங்களத்தில் ஸ்ரீ பாத, சமனல கந்த. இந்தச் சண்டைக்குள்ள போக எனக்கு விருப்பமில்லை. பாதத்தை விட்டுட்டுப் பாதையைப் பார்த்தா வேற ஒரு வரலாறு தெரியுது. அதில் அரசர்களும் இருக்கினம், பேர் தெரியாத ஆக்களும் இருக்கினம்.

பாதை பற்றிய பழைய செய்திகளில் முக்கியமானது முதலாம் விஜயபாகு காலத்தது. சோழர்களை 1070 அளவில் பொலன்னறுவையிலிருந்து அகற்றிய அதே அரசன்தான். மலைக்குப் போறவர்கள் வழியில் படும் கஷ்டத்தைக் கண்டு, அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க கிலீமலை கிராமத்தை அவன் ஒதுக்கியதாகச் சூளவம்சம் சொல்லுது. நாவலப்பிட்டிப் பக்கத்து அம்பகமுவவில் உள்ள அவனுடைய கல்வெட்டும் இந்தக் கொடைகளைப் பேசுது. அதே கல்வெட்டில் இன்னொன்றும் இருக்கு: "தாழ்ந்த" சாதியினர் நிண்டு வணங்க, பாதத்துக்குக் கீழே தனியாக ஒரு தளம் கட்டப்பட்டது. சாப்பாடு எல்லாருக்கும், உச்சி எல்லாருக்கும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில், இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவப்பதிராஜ கம்பளையிலிருந்து அம்பகமுவ ஊடாக மலைக்குப் போற பாதையில் பாலங்கள் போட்டு, தங்குமடங்கள் கட்டினார். கவனியுங்க, விஜயபாகு ஒதுக்கின கிலீமலை இரத்தினபுரிப் பக்கத்துப் பாதையில் இருக்கு. நாங்கள் போற ஹட்டன் பக்கம் அல்ல.

1344இல் இபின் பதூதா வாறார். மாலைதீவிலிருந்து வந்து புத்தளம் கரையில் இறங்கியவர், அங்க ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்திக்கிறார். யாழ்ப்பாணத்து அரசனேதான். என்ன வேணும் எண்டு அரசன் கேட்க, ஆதமின் பாதத்தைப் பார்க்கவேணும், வேறொன்றும் வேண்டாம் எண்டு இவர் சொல்லுறார். அரசன் செய்துகொடுத்த ஏற்பாட்டைப் பாருங்க: ஒரு பல்லக்கு, அதைத் தூக்க ஆக்கள், வருஷா வருஷம் அந்த மலைக்குப் போய்ப் பழகின நாலு யோகிகள், மூன்று பிராமணர், அரச பரிவாரத்தில் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைஞ்சு பேர். ஒரு ஆள் மலை ஏற, பல்லக்குத் தூக்கினவர்களை விட்டுப் பார்த்தாலே 32 பேர்! ஒரு முஸ்லிம் பயணியை ஒரு சைவ அரசன் யோகிகளைத் துணைக்குக் கொடுத்து அனுப்புறதில் அவர்கள் ஒருத்தருக்கும் பிரச்சினை இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் சொன்ன பயண விபரங்கள் இண்டைக்கும் உதவும். மலைக்கு இரண்டு வழி: ஒன்று ஆதமின் பேரில் "பாபா" வழி, மற்றது ஏவாளின் பேரில் "மாமா" வழி. "மாமா" வழி இலேசு. ஆனா அதால ஏறினவரை ஏறினவராகக் கணக்கெடுக்க மாட்டார்களாம். கடினமான வழியில் ஏறி இலேசான வழியில் இறங்கவேணும். செங்குத்தான இடங்களில் பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகள் இருந்திருக்கு. அட்டையைப் பற்றியும் சொல்லுறார்: புல்லிலயும் மரத்திலயும் இருந்து மனிசர் மேல பாயும், அதுக்கு ஆக்கள் தேசிக்காய் தயாரா வைத்திருந்து அதன்மேல் பிழிவார்கள் எண்டு. கிட்டத்தட்ட 680 வருஷம் கழிச்சும் எங்கட பாக்கில் தேசிக்காய் இருக்கு. இறங்கின பிறகு அவர் தெவிநுவர, காலி, கொழும்பு ஊடாகத்தான் புத்தளம் திரும்பினார். கொழும்பை இந்தத் தீவின் அழகான பெரிய ஊர்களில் ஒன்று எண்டு சொல்லியிருக்கிறார்.

அந்தப் பதினைஞ்சு பேரின் பெயர் மட்டும் அவர் சொல்லவில்லை.

16ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீதாவக்கையை ஆண்ட முதலாம் ராஜசிங்கன் மலையின் பொறுப்பைச் சைவ ஆண்டிகளுக்குக் கொடுத்தான். 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அதைத் திரும்பப் பௌத்த பிக்குகளிடம் ஒப்படைத்தான். இந்தப் பின்னவன் மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சத்தவன் என்பதையும் சேர்த்தே வாசிக்கவேணும். அதிகாரம் கை மாறினாலும் சாதாரண ஆக்கள் அதே காட்டுப் பாதையால ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். சிங்கள யாத்திரைக் குழுவுக்கு "நடே" எண்டு பேர். வழி தெரிந்த மூத்தவர் "நடே குரா". இண்டைக்கு எங்கட குழுக்களில் அட்மின் செய்யிற வேலையை அவர் செய்தார்.

1815 மார்ச்சில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த மாதமே லெப்டினன்ட் மல்கம் இரத்தினபுரிப் பக்கத்தால் உச்சிக்கு ஏறிவிட்டார். ஏறினதாகப் பதிவான முதல் ஆங்கிலேயர் அவர்தான்.

ஆனா பாதையை உண்மையில் மாற்றினது கோப்பியும் தேயிலையும். 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் டிக்கோயா, மஸ்கெலியாக் காடுகள் வெட்டப்பட்டுத் தோட்டமாகின. வெட்டினவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சனங்கள். 1869இல் தொடங்கின இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை வந்தது. தோட்டத்துச் சாமானை ஏற்றி இறக்க ரயில் பாதை மேலே மேலே நீண்டது: 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹட்டன். கொழும்பிலிருந்து போறவனுக்கு மலை "கிட்ட" வந்தது அப்பதான். நல்லதண்ணியே கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல இருக்கு. ஏற்றத்தின் பாதியை ரயிலும் பஸ்ஸும் எங்களுக்காக ஏறிவிடும். மிச்சம் 5,500 அளவிலான படிகள்.

அந்த இடத்தின் பேரையே பாருங்க. ஆங்கிலத்தில் டல்ஹவுசி, எங்களுக்கு நல்லதண்ணி. தோட்டத்துத் தமிழ்ப் பேர். அந்தக் காட்டைத் திறந்தவர்களின் பிள்ளைகளை 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் பெரும் பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தது. அதே தசாப்தத்தின் கடைசியில் மவுசாக்கலை அணை கட்டப்பட, பழைய மஸ்கெலியா நகரம் தண்ணிக்குள்ள போனது. வரட்சியில நீர்மட்டம் இறங்கினா பழைய வழிபாட்டுத் தலங்களின் எச்சங்கள் வெளியில தெரியும். நாங்கள் பஸ் ஜன்னலால் "வியூ நல்லா இருக்கு" எண்டு படமெடுக்கிற நீர்த்தேக்கம் அதுதான்.

ஹட்டன் ரயிலில் எங்களோட வாறவர்களில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் வேலை செய்யும் மலையகப் பெடியன்களும் இருப்பினம். எங்களுக்கு ட்ரிப், அவங்களுக்கு வீட்டுக்குப் போற வழி. மலையில் படியோரக் கடைகளுக்கு வாகனப் பாதை கிடையாது. நாங்கள் மூச்சு வாங்கி நிண்டு குடிக்கிற பிளேன்டீயின் சீனி, எரிவாயு, தண்ணிப் போத்தல் எல்லாம் ஆரோ ஒருவரின் தோளில்தான் மேலே போகுது. பல்லக்கு இல்லாமப் போச்சு, சுமக்கிற ஆள் இல்லாமப் போகவில்லை.

இதையெல்லாம் வாசிச்சிட்டு மலைக்குப் போகாதீங்க எண்டு சொல்ல வரவில்லை. போங்க. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரைக்குமான பருவகாலத்தில் போங்க, மற்ற மாதங்களில் மழையும் இருட்டும் ஆபத்து. தேசிக்காய் கொண்டுபோங்க, பொலித்தீனைத் திரும்பக் கொண்டுவாங்க. ஏலுமெண்டா ஒரு நாளை இரண்டாக்கி, ஒரு பின்னேரம் மஸ்கெலியாவில் நில்லுங்க. உடம்பில பலம் இருந்தா ஒரு முறை பலாபத்தல பக்கம், அந்தப் பழைய இரத்தினபுரிப் பாதையால ஏறிப் பாருங்க. நீளம் கூட, ஆள் குறைவு, காடு கூட.

அதோட, வழியில மூட்டையோட ஒருவர் ஏறிவந்தா முதலில் ஒதுங்கி இடம் விடுங்க. இறக்கிவைத்து இளைப்பாறினா பேர் என்ன எண்டு கேளுங்க. இபின் பதூதா எழுதாமல் விட்டதை நாங்கள் எண்டாலும் எழுதலாம்.