அரை கிராம் சந்தேகம்

எங்க ஸ்ரீரங்கத்துலேர்ந்து பொடிநடையாப் போனா திருவானைக்காவல், சர் சி.வி.ராமன் 1888-ல் பிறந்த ஊர். அவர் 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்துல பேராசிரியரா சேர்ந்தப்போ, அங்கே வேதியியல் பேராசிரியரா இருந்தவர் பிரபுல்ல சந்திர ராய். ராமனைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. இந்தப் பதிவு ராய்க்கு.

எடின்பரோவில் 1887-ல் டி.எஸ்சி. வாங்கியவர். 1889-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கிடைச்சது தற்காலிக வேலை, மாசம் 250 ரூபாய். உயர் பதவியெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு!

1895-ல் மெர்க்குரஸ் நைட்ரேட் தயாரிக்க, பாதரசத்து மேல நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊத்தி, சூடாக்காம வெச்சார். மஞ்சளா படிகங்கள் வந்தது. முதல்ல ஏதோ காரத்தன்மை உள்ள உப்புன்னு நினைச்சார். ஆனா இவ்வளவு அமிலத்துக்குள்ள அது எப்படி உருவாகும்? சோதிச்சா, மெர்க்குரஸ் உப்பும் தெரியுது, நைட்ரைட்டும் தெரியுது. நைட்ரைட்டோ அமிலத்துல சட்டுனு சிதையற சமாச்சாரம்.

இப்படி ஒரு இடத்துலதான் தராசு வேணும். பாதரசத்தை எடை போட வழக்கமான வழி ஒண்ணு: பொருளைக் கரைச்சு, மெர்க்குரிக் நிலைக்கு மாத்தி, ஹைட்ரஜன் சல்ஃபைடு செலுத்தினா கறுப்பா மெர்க்குரிக் சல்ஃபைடு படியும். வடிகட்டி, கழுவி, உலர்த்தி, நிறுக்கணும். கணக்கு போட்டுப் பார்த்தேன். அரை கிராம் மெர்க்குரஸ் நைட்ரைட்டுக்கு 0.472 கிராம் சல்ஃபைடு வரணும். நீரில்லாத நைட்ரேட்டா இருந்தா 0.443 தான். வித்தியாசம் 29 மில்லிகிராம். கை கொஞ்சம் தவறினா போச்சு.

அதுவும் போதாது. காரத்தன்மை உள்ள நைட்ரேட்லயும் பாதரசம் கூடுதலா இருக்கும். பாதரசத்தை மட்டும் நிறுத்தா ஏமாந்துடலாம். நைட்ரஜனையும் அளக்கணும். பாதரசம் 81.3 சதவீதம், நைட்ரஜன் 5.7 சதவீதம் வந்தா அணுவுக்கு அணு ஒண்ணுக்கு ஒண்ணு. அப்போ நைட்ரைட்தான். 1896-ல் வங்காள ஆசியச் சங்க இதழ்ல ராயின் மெர்க்குரஸ் நைட்ரைட் அச்சேறிச்சு. பல பத்தாண்டு கழிச்சு வந்த எக்ஸ்-கதிர் படிக ஆய்வும் அவர் சொன்னது சரின்னு காட்டிடுச்சு.

இஞ்சினியரிங் முதல் வருஷ லேப்ல பேரியம் சல்ஃபேட் நிறுத்தப்போ எனக்கு எடை இடிச்சது. பக்கத்து பெஞ்சு ரீடிங்கைப் பார்த்து 'சரி' பண்ணிட்டேன் :-) ராயும் அன்னிக்கு மஞ்சள் படிகத்தைக் கொட்டிட்டு, நைட்ரேட் கிடைச்சா போதும்னு போயிருக்கலாம். போகலை.

ரீடிங் 'சமைச்ச' அனுபவம் உங்களுக்கும் இருக்குமே? வெட்கப்படாம சொல்லிட்டுப் போங்க.